குரலுக்கு எஜமானர் யார்?

டெலிவிஷனில் தோன்றிச் செய்தி சொல்வோருக்கு இக்காலத்தில் இருக்கும் செல்வாக்கு மந்திரிமாருக்கும் இல்லையென்று சொன்னால் அது மிகையாகாது. மந்திரி ஐந்து வருஷத்திற்கு ஒருமுறை நம் வாயிலுக்கு வருகிறார். செய்தி சொல்பவரோ தினந்தோறும் இரவு போஜன வேளையில் நமது கூடத்திலேயே வந்து அமர்ந்துவிடுகிறார். முற்காலத்தில் ஊர்ப் பெரியவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு இன்று அவர் சொல்லுக்கு இருக்கிறது. அவர் ஒருவனைத் துரோகி என்றால் நாமும் அவ்வாறே எண்ணுகிறோம்; உத்தமன் என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறோம். இவ்வளவு அதிகாரம் படைத்த ஒருவர் யாருடைய பணத்தைக் கொண்டு, யாருடைய அனுமதியின்பேரில், யாருடைய நன்மைக்காகப் பேசுகிறார் என்று கேட்பது ஜனங்களின் உரிமை. உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

இக்கேள்விக்குப் பொதுப்படையாக விடை சொல்லப் புகுந்தால் விவாதம் வளருமேயன்றித் தெளிவு பிறவாது. ஆகவே ஒரு மனிதருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு ஆராய்வதே நலமென்று கருதுகிறோம். அம்மனிதர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த எட்வர்ட் மர்ரோ. டெலிவிஷன் தொழிலில் இவரைப் போல் புகழப்பட்டவர் வெகு சிலரே. 2005ல் இவரைப் பற்றி ஒரு சினிமாப் படமும் வெளிவந்தது. ஆயினும் புகழ்பவர்கள் அவர் சரித்திரத்தில் ஒரு பாதியையே எடுத்துச் சொல்லுகிறார்கள். மற்றப் பாதியையும் சேர்த்துப் பார்த்தாலொழிய அதிலுள்ள பாடம் விளங்காது.

மர்ரோ 1908ம் வருஷம் ஏப்ரல் 25ந் தேதி வட கரோலினா ராஜ்யத்தில், கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே, ஒரு சாதாரணக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவருடைய பால்யத்திலேயே குடும்பம் தேசத்தின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் ராஜ்யத்தில் குடியேறிற்று. அங்கே தகப்பனார் காட்டு மரங்களை ஏற்றிச் செல்லும் ரயிலில் இஞ்சின் ஓட்டினார். மகனும் மரம் வெட்டுவோர் கூட்டத்தில் சேர்ந்து கூலி வேலை செய்தே காலேஜ் படிப்புக்குப் பொருள் தேடினார். வாஷிங்டன் ஸ்டேட் காலேஜில் பேச்சுக் கலையை விசேஷ பாடமாகப் பயின்று 1930ல் தேறினார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன் என்னும் அம்மையார். இளம்பிள்ளை வாதத்தால் உடல் குன்றியவராயினும் அவர் மாணவரின் குரலை உருவாக்கிய விதம் அபாரமானது. பிற்காலத்தில் லண்டனிலிருந்து மர்ரோ பேசத் தொடங்கும்போது, 'இது' என்று சொல்லிச் சற்று நிறுத்தி, அதன் பின்னரே 'லண்டன்' என்று சொல்வார். அந்தச் சிறு மௌனம் அந்த அம்மையார் சொல்லிக் கொடுத்ததேயாகும்.

1932ல் அவர் சர்வதேசக் கல்விக் கழகம் ஒன்றில் உத்தியோகம் ஏற்றார். அடுத்த வருஷம் ஹிட்லர் அதிகாரத்திற்கு வந்து, யூத ஆசிரியர்களையும் தம் கொள்கைக்கு இணங்காத அறிஞர்களையும் ஜெர்மன் சர்வகலாசாலைகளிலிருந்து துரத்தினார். அவ்வாறு துரத்தப்பட்டோருக்கு அமெரிக்காவில் இடம் தேடிக் கொடுப்பதற்கென்று ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதில் மர்ரோ உதவிக் காரியதரிசியாகப் பணியாற்றினார். ஒரு சர்க்கார் தனக்குப் பிடிக்காத அபிப்பிராயம் உடையவனை என்ன செய்யும் என்பதை, வேலையும் வீடும் இழந்து நின்ற பண்டிதர்களின் கதைகளிலிருந்தே அவர் நேரில் அறிந்தார். இது பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து என்று நாம் எண்ணுகிறோம்.

1935ல் கொலம்பியா ஒலிபரப்புக் கம்பெனியில் சேர்ந்து, 1937ல் அதன் ஐரோப்பியப் பிரதிநிதியாக லண்டன் சென்றார். ரேடியோவில் பேசுவதற்குப் பிறரை ஏற்பாடு செய்வதே அப்போது அவருக்கு விதிக்கப்பட்ட வேலை. தாமே பேசுவது அன்று. 1938 மார்ச்சில் ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவில் நுழைந்தபோது, மர்ரோ ஓர் ஆகாய விமானத்தைத் தனியே வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வியன்னா நகருக்குப் பறந்தார். மார்ச் 13ந் தேதி வெவ்வேறு ஐரோப்பியத் தலைநகரங்களிலிருந்து பலர் ஒருவர்பின் ஒருவராகப் பேசிய நிகழ்ச்சியில், வியன்னாவிலிருந்து கண்டதைக் கண்டபடி அவர் கூறினார். அன்றிலிருந்து அவர் குரல் அமெரிக்க மக்களுக்குச் சொந்தமாயிற்று.

1940ல் லண்டன் மீது குண்டு மாரி பொழிந்த காலத்தில் அவர் செய்த ஒலிபரப்புக்கள் பிரசித்தமானவை. ஆகஸ்டு 24ந் தேதி இரவு அபாயச் சங்கு ஊதியபோது, டிரபால்கர் சதுக்கத்தருகே நின்ற அவர் ஒலிவாங்கியைத் தரையருகே பிடித்தார். பதுங்குமிடத்தை நோக்கிச் செல்லும் ஜனங்களின் காலடி ஓசை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கேட்டது. அவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள் என்பதை அந்த ஓசையே சொல்லிற்று. வர்ணனை ஒன்றுமில்லாமல் ஒரு ஜாதியின் தைரியத்தை எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த வழி உண்டோ? 1943 டிசம்பரில் பெர்லின்மீது குண்டு வீசச் சென்ற விமானத்தில் தாமும் ஏறிச் சென்று திரும்பி வந்து, தாம் கண்ட நரகத்தை விவரித்தார். 1945 ஏப்ரலில் பூஹன்வால்ட் சிறை முகாமில் விறகுக் கட்டைகளைப் போல் அடுக்கப்பட்டிருந்த பிரேதங்களைக் கண்டு வந்து சொன்னார். தாம் கண்டதில் ஒரு பகுதியையே சொன்னதாகவும், எஞ்சியதைச் சொல்லத் தமக்கு வார்த்தை இல்லையென்றும் கூறினார்.

இதுவரை கூறியவற்றில் மர்ரோவின் தைரியத்தைப் பற்றிச் சந்தேகம் கொள்ள இடமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கிய பின்னர், அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியும், விளம்பரம் கொடுத்த வியாபாரிகளும், அமெரிக்க சர்க்காரும், கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களும் ஒரே முகமாக இருந்தார்கள். எஜமானர் பலராயினும் உத்தரவு ஒன்றே. அப்பொழுது உண்மை பேசுவதற்கு உயிரைப் பணயம் வைக்கும் தைரியம் போதும். எஜமானர்கள் பிரிந்து எதிரெதிராக நிற்கும்போது யார் பக்கம் பேசுவது என்பதே மெய்யான சோதனை. அச்சோதனை டெலிவிஷனில் அவருக்குக் காத்திருந்தது.

1951 நவம்பர் 18ந் தேதி, பிரெட் பிரெண்ட்லி என்னும் சகாவுடன் சேர்ந்து, 'சீ இட் நௌ' என்ற நிகழ்ச்சியை மர்ரோ ஆரம்பித்தார். 'இப்பொழுதே பார்' என்பது அதன் பொருள். தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள புரூக்ளின் பாலத்தையும் மேற்கரையிலுள்ள கோல்டன் கேட் பாலத்தையும் ஒரே சமயத்தில் காட்டி முதல் நாளிலேயே ஜனங்களை வியப்பில் ஆழ்த்தினார்கள். ஆனால் அந்நாளில் அமெரிக்காவில் வேறொரு பீதி பரவியிருந்தது. 1950 பிப்ரவரியில் ஜோசப் மக்கார்த்தி என்னும் செனட்டர், ராஜாங்க இலாகாவில் கம்யூனிஸ்டுகள் மலிந்திருப்பதாகவும் அவர்கள் ஜாப்தா தம் கையில் இருப்பதாகவும் பிரசங்கம் செய்தார். ஜாப்தாவை அவர் ஒருபோதும் வெளியிடவில்லை. ஆயினும் அவர் கை நீட்டிய இடமெல்லாம் உத்தியோகஸ்தர்கள் வேலை இழந்தார்கள்; ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் வாயடைத்துப் போனார்கள். 1953ல் அவர் செனட் விசாரணை உபகமிட்டி ஒன்றுக்குத் தலைவருமானார். குற்றஞ்சாட்டுவோரும் அவரே, விசாரிப்போரும் அவரே என்றாயிற்று.

மர்ரோ முதலில் மக்கார்த்தியின்மேல் நேராகப் பாயவில்லை. 1953 அக்டோபர் 20ந் தேதி மைலோ ரடுலோவிச் என்ற வாலிபரின் கதையை எடுத்துக்கொண்டார். இவர் மிச்சிகன் ராஜ்யத்தைச் சேர்ந்தவர். ஆகாயப் படையின் ரிசர்வ் லெப்டினென்ட். இவருடைய ராஜ விசுவாசத்தில் யாருக்கும் ஐயமில்லை. தகப்பனாரும் சகோதரியும் கம்யூனிஸ்டு அனுதாபம் உள்ளவர்கள் என்பதற்காக இவரைப் படையிலிருந்து நீக்கத் தீர்மானித்தார்கள். தகப்பனார் செய்த குற்றம் ஒரு செர்பிய பாஷைப் பத்திரிகை வாங்கிப் படித்தது. சாட்சி யாரென்று சொல்லவில்லை. சாட்சியம் என்னவென்று காட்டவுமில்லை. தந்தை படித்த பத்திரிகைக்காக மகனைத் தண்டிக்கும் நீதி எந்த தேசத்து நீதி? இந்நிகழ்ச்சியைப் பற்றி விளம்பரம் செய்யக் கம்பெனி பணம் கொடுக்க மறுத்ததால், மர்ரோவும் பிரெண்ட்லியும் சொந்தப் பணம் 1,500 டாலர் செலவிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். ஐந்து வாரத்திற்குள், நவம்பர் 24ந் தேதி, ஆகாயப் படை மந்திரியே அதே நிகழ்ச்சியில் தோன்றி, ரடுலோவிச் வேலையில் நீடிப்பார் என்று அறிவித்தார்.

இதன் பின்னரே 1954 மார்ச் 9ந் தேதி மக்கார்த்தியைப் பற்றிய நிகழ்ச்சி வந்தது. அரைமணி நேரத்தில் பெரும்பகுதி மக்கார்த்தியின் சொந்தப் பேச்சும் சொந்தச் சிரிப்புமே. அவர் சொன்னதை ஒரு பக்கமும் நடந்ததை மறுபக்கமும் வைத்து மர்ரோ காட்டினார். குற்றச்சாட்டு வேறு, ருசு வேறு. அபிப்பிராய பேதம் வேறு, ராஜத்துரோகம் வேறு என்று எடுத்துரைத்தார். இந்த பீதியை மக்கார்த்தி உண்டாக்கவில்லை, இருந்த பீதியைப் பயன்படுத்திக்கொண்டார் என்றும், ஆகவே குற்றம் நம் அனைவரையும் சாரும் என்றும் முடித்தார். ஆயிரக்கணக்கான கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அவரை ஆதரித்தவை. ஏப்ரல் 6ந் தேதி மக்கார்த்திக்கும் அதே நிகழ்ச்சியில் பதில் சொல்ல இடமளிக்கப்பட்டது. அவர் மர்ரோவை நரிக்கூட்டத்தின் தலைவரென்று ஏசினார். பழைய கல்விக் கழக உத்தியோகத்தைக் காட்டி மாஸ்கோவுடன் முடிச்சுப் போட்டார். இகழ்ந்தவரையே அந்த இகழ்ச்சி தாழ்த்திற்று. அவ்வருஷம் டிசம்பர் 2ந் தேதி செனட் சபை 67க்கு 22 வோட்டுக்களால் மக்கார்த்தியின் நடத்தையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது.

மர்ரோ ஒருவரே மக்கார்த்தியை வீழ்த்தினார் என்று சிலர் கூறுவதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்னும் மாது 1950 ஜூன் மாதத்திலேயே செனட் சபையில் எழுந்து கண்டனம் செய்தார். ஹெர்பிளாக் என்னும் சித்திரக்காரர் அதற்கு முன்னரே கேலிச் சித்திரங்களால் தாக்கிவந்தார். மர்ரோ வாய் திறக்க நான்கு வருஷங்கள் ஆயின. இடையில் அவருடைய கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களிடம் ராஜ விசுவாசப் பத்திரம் எழுதி வாங்கிற்று. மர்ரோவும் அதில் கையெழுத்திட்டார். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. பத்திரிகைக்காரருக்கு இருந்த சுதந்திரம் டெலிவிஷன்காரருக்கு இல்லை என்பதையே இது காட்டுகிறது. பத்திரிகையை ஒருவன் காசு கொடுத்து வாங்குகிறான். டெலிவிஷனையோ வேறொருவன் காசு கொடுத்து நமக்குக் காட்டுகிறான்.

அந்த வேறொருவன் என்ன செய்தான் என்பதை இனிப் பார்ப்போம். 'சீ இட் நௌ' நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்தது அல்கோவா என்னும் அலுமினியக் கம்பெனி. அது 1955ல் விலகிக்கொண்டது. அதே வருஷம் ஜூனில், கேள்விக்குப் பதில் சொன்னால் 64,000 டாலர் வரை பரிசு தரும் ஒரு பந்தய நிகழ்ச்சி அதே செவ்வாய்க்கிழமை இரவில், மர்ரோவுக்குச் சற்று முன்னதாகத் தொடங்கிற்று. தேசமே அதைப் பார்த்தது. அந்த இரவு வேளையின் விலை உயர்ந்தது. விலை உயர்ந்த வேளையில் தொந்தரவு தரும் உண்மைகளுக்கு இடம் ஏது? வாரந்தோறும் வந்த நிகழ்ச்சி எப்பொழுதாவது வருவதாகச் சுருங்கி, 1958 ஜூலையில் நின்றுபோயிற்று. எந்த சர்க்காரும் அதைத் தடை செய்யவில்லை; எந்தப் போலீஸும் வரவில்லை. கணக்குப் புத்தகமே அதன் கழுத்தை நெரித்துவிட்டது.

மர்ரோவும் இதற்கு முற்றும் புறம்பாக இருந்தவரல்லர். 1953லிருந்து சினிமா நட்சத்திரங்கள் முதலிய பிரபலஸ்தர்களை அவரவர் வீட்டில் காட்டிப் பேட்டி காணும் வேறொரு நிகழ்ச்சியையும் அவர் நடத்திவந்தார். கையில் புகையும் சிகரெட்டுடன் நாற்காலியில் சாய்ந்து, வரவேற்பறையைப் பற்றியும் சித்திரங்களைப் பற்றியும் விசாரிப்பார். அதைப் பார்த்தவர்கள் 'சீ இட் நௌ' நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிலும் அநேக மடங்கு அதிகம். ஒரு கையால் கேளிக்கை விற்று, அந்தச் செல்வாக்கைக் கொண்டு மறு கையால் உண்மை சொன்னார் என்று அவர் நண்பர்கள் சமாதானம் கூறுவார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் விற்ற கை நிலைத்தது. சொன்ன கையைக் கட்டிவிட்டார்கள்.

1958 அக்டோபர் 15ந் தேதி சிகாகோ நகரில் தம் தொழிலைச் சேர்ந்தவர்களின் கூட்டத்தில் மர்ரோ ஒரு பிரசங்கம் செய்தார். கூட்டத்தார் புகழுரை எதிர்பார்த்திருந்தனர். அவரோ, அறிவூட்ட வல்ல இச்சாதனத்தை மனிதர்கள் மனம் வைத்து அப்படிப் பயன்படுத்தாவிட்டால் அது கம்பிகளும் விளக்குகளும் அடங்கிய வெறும் பெட்டியே என்று கடிந்துரைத்தார். பெருங் கம்பெனிகள் தங்கள் விளம்பர நேரத்தில் ஒரு சிறு பங்கைத் தேசத்தின் பிரச்சினைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமென்று யோசனையும் கூறினார். தமக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளிகளைப் பகிரங்கமாக இவ்வாறு கண்டித்ததன் பலன் அவருக்குத் தெரியாததன்று. அதன் பின் அவருக்கும் கம்பெனிக்கும் ஒட்டவேயில்லை.

அவருடைய கடைசிப் பெரும் பணி 1960 நவம்பர் 25ந் தேதி வெளிவந்தது. 'வெட்கக்கேடான அறுவடை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஊர் ஊராகச் சென்று பயிர் அறுத்துப் பிழைக்கும் அமெரிக்கக் கூலிகளின் வாழ்க்கையை அது காட்டிற்று. பிளாரிடாவில் விடியற்காலையில் ஆட்களைச் சந்தையில் மாடு பிடிப்பது போல் கூவி லாரிகளில் ஏற்றும் காட்சியையும், தாய் வயலுக்குச் சென்றிருக்கப் பசியோடு கிடக்கும் குழந்தைகளையும் ஜனங்கள் கண்டார்கள். அமெரிக்கர்கள் வயிறார உண்டு கடவுளுக்கு நன்றி செலுத்தும் பண்டிகைக்கு மறுநாள் அது காட்டப்பட்டது. அந்த உணவை அறுத்தவன் பட்டினி கிடக்கிறான் என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இனி நாம் கூறப்போவது வருந்தத்தக்கது. 1961ல் ஜனாதிபதி கென்னடி மர்ரோவை அழைத்து, அமெரிக்காவைப் பற்றி வெளிநாடுகளில் பிரசாரம் செய்யும் சர்க்கார் ஸ்தாபனத்திற்குத் தலைவராக நியமித்தார். அவர் பதவியேற்ற சில நாட்களிலேயே, 'வெட்கக்கேடான அறுவடை'யை பி.பி.ஸி. ஸ்தாபனம் இங்கிலாந்தில் காட்டப்போவதாகத் தெரியவந்தது. உடனே மர்ரோ பி.பி.ஸி.யின் தலைமை அதிகாரியுடன் தொடர்பு கொண்டு, அதைக் காட்ட வேண்டாமென்று வேண்டிக்கொண்டார். எதை? தாமே பேசிய படத்தை! விஷயம் வெளியாகிவிட்டது. பி.பி.ஸி. வேண்டுகோளுக்கு இணங்காமல் படத்தைக் காட்டிற்று. மர்ரோவுக்கு அவமானமே மிஞ்சிற்று.

மக்கார்த்திக்கு அஞ்சாதவர், விளம்பரக்காரருக்குத் தலை வணங்காதவர், கம்பெனி முதலாளிகளைச் சபை நடுவே கண்டித்தவர், ஏன் இவ்வாறு செய்தார்? அவர் கெட்டவராகிவிட்டாரா? இல்லை. உண்மையே சிறந்த பிரசாரம் என்று அந்தப் பதவியிலும் அவர் சொல்லிவந்தார்; மனமார நம்பியும் வந்தார். நாற்காலிதான் மாறிற்று. கூலிகளின் கண்ணீர், பேட்டி காண்பவரின் நாற்காலியிலிருந்து பார்த்தபோது தேசம் அறியவேண்டிய உண்மையாகத் தோன்றியது. சர்க்கார் நாற்காலியிலிருந்து பார்த்தபோது அதுவே தேசத்தின் மானக்கேடாகத் தோன்றியது. மர்ரோவைப் போன்றவருக்கே இந்தக் கதி நேர்ந்ததென்றால், சர்க்கார் ஆதரவை நாடித் திரியும் சாமானியரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் இந்த ஒரு தோல்வியே நமக்கு அதிகம் கற்பிக்கிறது என்பது நமது துணிபு.

அவர் அந்திமகாலமும் துயரமானதே. நாளொன்றுக்கு அறுபது சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர் அவர். சிகரெட்டுக்கும் சுவாசகோசப் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை 1955லேயே தம் நிகழ்ச்சியில் இரண்டு பகுதிகளாக எடுத்துக் காட்டியவரும் அவரே. பிறருக்குச் சொன்ன உண்மை தமக்குப் பயன்படவில்லை. அந்நோயினாலேயே பதவியை விட்டு விலகி, 1965 ஏப்ரல் 27ந் தேதி, 57 வயது நிறைந்த இரண்டாம் நாள் காலமானார்.

அவர் மறைந்து இரண்டு வருஷத்தில், விளம்பரக்காரரை நம்பியிராத பொது ஒலிபரப்புக்கென அமெரிக்கா 1967ல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆனால் சர்க்கார் கொடுக்கும் மானியத்தை சர்க்காரே நிறுத்தவும் கூடும். 2025ல் அமெரிக்கக் காங்கிரஸ் அம்மானியத்தை ரத்து செய்துவிட்டது. வியாபாரியின் கையிலிருந்து தப்பிய குரல் சர்க்காரின் கையில் சிக்கிக்கொள்கிறது; அங்கிருந்து தப்பினால் மறுபடியும் வியாபாரியிடமே வந்து சேருகிறது. மர்ரோ ஒரே ஆயுளில் பட்டதை ஒரு தேசமே பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே செய்தி சொல்பவரின் அழகையும் ஆவேசத்தையும் கண்டு மயங்க வேண்டாமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவர் எதிரியை எவ்வளவு உரக்கத் திட்டுகிறார் என்று பார்ப்பதில் பயனில்லை. அதற்குத் தைரியம் வேண்டியதில்லை. அவர் உண்ணும் சோற்றைப் போடுபவர் தவறு செய்தபோது என்ன சொன்னார்? பலவானுடைய குற்றச்சாட்டுக்கு ருசு கேட்டாரா? ரடுலோவிச்சைப் போன்ற பெயரறியாத ஒருவனுக்காக ஒருநாளேனும் பேசினாரா? இவற்றையே கேட்க வேண்டும். பேசினாரென்றால் அவரை ஆதரிக்கவும் வேண்டும். 1954ல் மர்ரோவுக்கு ஆயிரக்கணக்கானோர் கடிதம் எழுதினார்கள். 1955ல் பந்தய நிகழ்ச்சி வந்தபோது தேசமே அதன் முன்னே போய் உட்கார்ந்தது. அவர் வாயை அடைத்ததில் விளம்பரக்காரருக்கு எவ்வளவு பங்கோ, பார்க்காமல் விட்டவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. குரலுக்கு எஜமானர் ஜனங்களே ஆகவேண்டுமானால், எஜமானருக்குரிய கவலையும் ஜனங்களுக்கு இருந்தே தீரவேண்டும்.